பிள்ளைக்காம்பரா சுடுதண்ணீர்த் தொட்டி: ஸ்டெயின்லெஸ் ஒட்டின் உள்பக்கம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவுக்கு (தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) நான் செய்து கொடுத்த 70 லீற்றர் விறகுத் தொட்டி ஒரு முழு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. போனில் மாட்டும் குழாய்க் கமராவை மேல்துளை வழியே இறக்கி உள்ளே பார்த்தேன். ஒட்டுக்கோடுகள், அதாவது வெல்டிங் கோடுகள், வெளிர் வைக்கோல் நிறத்திலேயே இருக்கின்றன. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் தண்ணீர்த் தொட்டி செய்ய நினைக்கிற மலையக வெல்டர்களுக்குப் பயன்படும் என்பதால், செய்த ஒழுங்கிலேயே எழுதி வைக்கிறேன்.

அங்கே முன்பும் ஒரு சில்வர் தொட்டிதான் இருந்தது. யார் செய்தது என்று எவருக்கும் ஞாபகமில்லை. ஆயாம்மா சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, காலையில மொத வாளி செம்மஞ்சளா வருது. புள்ளைக பால் போத்தல அதுல கழுவ மனசு வருமா?" அடிப்பக்கத்தில் இரண்டு இடத்தில் கசிவும் இருந்தது. டிக்கோயாவிலுள்ள பட்டறைக்குக் கொண்டுவந்து கிரைண்டரால் நெடுக வெட்டித் திறந்தேன். வெளிப்பக்க ஒட்டு நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. உள்பக்கம் அதே ஒட்டின் பின்புறம் கருகி, சீனி முறுகிக் கட்டிபிடித்த மாதிரி முண்டும் முடிச்சுமாக இருந்தது. துரு தகட்டின் நடுவில் எங்குமே இல்லை. ஒட்டின் இரு பக்கமும் மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலத்துக்கு மட்டும் பட்டையாக ஓடியிருந்தது. கசிந்த இரண்டு இடமும் அந்தப் பட்டைக்குள்தான்.

தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. நம் மலை ஓடைத் தண்ணீர் மென்மையானது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் போலக் கேத்தலில் சுண்ணாம்பு படியவிடுவதில்லை. பிழை ஒட்டின் பின்பக்கத்தில். முன்பக்கத்தை வெல்டிங் டார்ச்சிலிருந்து வரும் ஆர்கன் காஸ் காற்றுப் படாமல் காக்கிறது. உருகிய உலோகம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்போது அங்கே இருப்பது வெறும் காற்று. குரோமியம் அந்தக் காற்றிலேயே எரிந்துபோகிறது. குரோமியம் போன இடத்தில் ஸ்டெயின்லெஸ் என்ற பெயருக்கு அர்த்தமில்லை. ஆகவே புதிய தொட்டியில் தண்ணீர் தொடும் பக்கத்தையே முதல் பக்கமாக வைத்து எல்லாவற்றையும் திட்டமிட்டேன்.

தகடு

உள்விட்டம் 400, உயரம் 600 மில்லிமீற்றர். நடுவே புகை போகும் குழாய், வெளிவிட்டம் 101.6, சுவர்க் கனம் 2. குழாய் அடைக்கும் இடத்தைக் கழித்தால் கொள்ளளவு 70 லீற்றரும் கொஞ்சமும். உடலுக்கும் மேல் மூடிக்கும் 1.5 மி.மீ. தகடு, நெருப்புக்கு நேர் மேலே இருக்கும் அடித்தட்டுக்கு 2 மி.மீ.

உருளைக்கு எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதில் பலர் உள்விட்டத்தை மட்டும் எடுத்துக் கணக்கிடுவார்கள். தகட்டின் கனத்தையும் சேர்க்க வேண்டும். 400உடன் 1.5 சேர்த்து 401.5, அதை 3.1416ஆல் பெருக்கினால் 1261. வெறும் 400க்குக் கணக்கிட்டால் 1257தான் வரும். நாலு மில்லிமீற்றர் சின்ன வித்தியாசம் போலத் தெரியும். மூடித் தட்டை வெட்டிவைத்துப் பொருத்தும்போது அதன் வலி தெரியும். 1261 நீளம் நான்கடி அகலத்துக்குள் அடங்காது, அதனால் 8 அடிக்கு 4 அடி முழுத்தகடே எடுக்க வேண்டியிருந்தது. ஒரு தகடு ஏறக்குறைய 36 கிலோ வரும்.

கொழும்பு பழைய சோனகத் தெருவில் விலை கேட்டால் ஒரே அளவுத் தகட்டுக்கு இரண்டு மூன்று விலை சொல்வார்கள். ஸ்டெயின்லெஸ் வகைகளுக்கு எண் உண்டு. குறைந்த விலைக்கு வருவது பெரும்பாலும் 201, 202 போன்ற 200 வரிசைத் தகடு. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்குகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. 304 காந்தத்தில் ஒட்டாதது போலவே 202உம் ஒட்டாது. காந்தம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. மாங்கனீஸ் சோதிக்கும் திரவம் சிறு போத்தலில் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டுச் சின்ன பற்றரியால் தொட்டால், 200 வரிசை சிவக்கும். தகட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பார்த்து, இந்தச் சோதனையையும் செய்துதான் 304 எடுத்தேன். இந்தத் தண்ணீருக்கு அதைவிட விலை கூடிய 316 வகை தேவையில்லை. அந்தக் காசை ஆர்கனுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மேசையும் பிரஷ்ஷும்

பட்டறையில் அன்றாட வேலை கேட்டும் கிறிலும். மேசை முழுக்க இரும்புத் தூள். அந்தத் தூள் ஸ்டெயின்லெஸ் மேல் படிந்து ஈரம் பட்டால் ஒரே இரவில் செந்நிறப் புள்ளி விழும்; அந்தப் புள்ளியிலிருந்தே அரிப்பும் தொடங்கும். பழைய மேசை மேல் புது பிளைவுட் போட்டேன். கிரைண்டர் டிஸ்க் எல்லாம் புதிது, ஸ்டெயின்லெஸுக்கென்று குறியிட்டது, 1 மி.மீ. கனம். ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ் ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டி, அதை இரும்பில் யாரும் தொடக்கூடாது என்று பட்டறையில் உதவிக்கு நிற்கும் பொடியனிடம் சொல்லி வைத்தேன். உருட்டும் மெஷின் ஹற்றனில் இன்னொருவரிடம் இருக்கிறது. அவருடைய ரோலிலும் இரும்புத் தூள் இருக்கும் என்பதால் தகட்டின் இரு பக்கமும் தடித்த தபால் காகிதம் ஒட்டிக்கொண்டு போனேன். காகிதத்தோடேயே உருட்டினார். கீறல் விழவில்லை.

ஒட்டும் விளிம்புகளை அசிட்டோனில் துடைக்க வேண்டும். பிரேக் கழுவும் ஸ்பிரே கையருகில் இருக்கும், ஆனால் அதைத் தொடாதீர்கள். குளோரின் கலந்த வகை வெல்டிங் வெளிச்சத்திலும் சூட்டிலும் விஷ வாயுவாக மாறும்.

மெஷின் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர், டிக் (TIG) வகை, காற்றால் குளிரும் 17ஆம் எண் டார்ச். ஆர்க் என்கிற மின்தீ கிளம்பும் டங்ஸ்டன் கம்பி 1.6 மி.மீ., நீல நுனி. அதன் கூர்நுனியை நெடுக்கு வாட்டில் தீட்ட வேண்டும், கோடுகள் நுனியை நோக்கி ஓட வேண்டும். குறுக்கே தீட்டினால் ஆர்க் அலையும். கூரின் நீளம் 4 மி.மீ. அளவில் வைத்து, கடைசி நுனியை மயிரிழை தட்டையாக்கினேன். டார்ச் வாயில் காஸைச் சீராக்கும் காஸ் லென்ஸ், 8ஆம் எண் கப். டார்ச்சுக்கு ஆர்கன் நிமிடத்துக்கு 8 லீற்றர். ஒட்டில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் 308 எல், 1.6 மி.மீ. கம்பி. அந்த எல் எழுத்து கரி குறைந்த வகை என்பதைச் சொல்கிறது. 450 முதல் 850 பாகை வரையான சூட்டில் கரியும் குரோமியமும் சேர்ந்துகொள்ளும் கேடு அதில் குறைவு.

துண்டுகளில் பழகியது

மெல்லிய தகட்டில் நேராகப் பொருளிலேயே தொடங்கக்கூடாது. வெட்டி மிஞ்சிய 1.5 மி.மீ. பட்டைகளை 150 நீளத்தில் இணைத்து இணைத்துப் பார்த்தேன். 60 ஆம்பியரில் பின்பக்கம் தொங்கியது. 40இல் ஊடுருவவே இல்லை. 48 முதல் 52 வரை வைத்து, ஆர்க்கை இரண்டு மில்லிமீற்றருக்குள் அடக்கி, நின்று யோசிக்காமல் நகர்ந்தால் முன்பக்கம் தங்க நிறத்தில் வருகிறது. வைக்கோல், தங்கம் வரை நல்லது. நீலம் ஏறினால் சூடு கூடிவிட்டது. சாம்பல் நிறம் வந்தால் மெதுவாகப் போயிருக்கிறோம் அல்லது காஸ் போதவில்லை. ஆம்பியரைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் போவதைவிட, கொஞ்சம் கூட்டி வேகமாகப் போவதே ஸ்டெயின்லெஸுக்குப் பொருத்தம். தகட்டுக்குள் போகும் மொத்தச் சூடு குறைகிறது.

ஆர்க்கை நிறுத்தியதும் டார்ச்சைத் தூக்கக்கூடாது. காஸ் 8 செக்கன் தொடர்ந்து வரும்படி மெஷினில் வைத்து, அந்த நேரம் முழுக்க அதே இடத்தில் பிடித்திருக்க வேண்டும். ஃபில்லர் கம்பியின் சூடான நுனியும் காஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே இழுத்தால் நுனி கறுக்கும், அடுத்த சொட்டோடு அந்தக் கறுப்பு ஒட்டுக்குள் போகும்.

டிக்கோயாவில் காலை நேரத் தகட்டைத் தொட்டால் ஈரம் கையில் ஒட்டும். பனிமூட்டம் பட்டறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. தகட்டை முதலில் கை தாங்கும் சூட்டுக்குக் காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி, துடைத்து, பிறகே ஆர்க் எடுக்க வேண்டும். ஈரத்தோடு தொடங்கிய துண்டில் ஊசித் துளைகள் வரிசையாக விழுந்தன. ஸ்டிக் கம்பியால் ஒட்டுகிறவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெட்டி திறந்த 308 எல் கம்பிகளை மழைக்காலத்தில் அப்படியே பாவித்தால் மருந்துப் பூச்சு ஈரத்தை இழுத்திருக்கும்.

காற்றும் பெரிய தொல்லை. கதவைத் திறந்தால் ஆர்கன் பறக்கிறது, மூடினால் புகை நிற்கிறது. ஸ்டெயின்லெஸ் புகையில் ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கிறது, அது புற்றுநோய் தரக்கூடியது. மூன்று பக்கமும் பிளைவுட் தடுப்பு வைத்து, தலைக்குப் பின்னாலிருந்து புகையை வெளியே இழுக்கும் விசிறியொன்றை மெதுவாக ஓடவிட்டேன். முகக்கவசமும் போட்டேன். ஆர்கன் காற்றைவிட 1.38 மடங்கு பாரமானது, பள்ளத்தில் தேங்கும், மணமும் இல்லை. தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ தலையை விட்டு வேலை செய்கிறவர் மயங்கி விழும்வரை எதையும் உணரமாட்டார்.

நெடுக்கு ஒட்டு

இதுதான் இந்த வேலையில் எனக்கு அதிகம் கற்றுத் தந்த பகுதி.

பின்பக்கத்துக்கு ஆர்கன் கொடுக்க 25க்கு 25 அலுமினியப் பெட்டிக்குழாய் 620 நீளம் வெட்டி, ஒரு முகத்தில் வரிசையாகத் துளையிட்டு, இரு முனையும் அடைத்து, ஒரு முனையில் காஸ் குழாய் செருகினேன். முதலில் 3 மி.மீ. துளைகள் போட்டேன். சோதனைத் துண்டின் பின்பக்கம் காஸ் நுழையும் முனையில் வெள்ளியாகவும், போகப் போக நீலமாகவும், கடைசி முனையில் கறுப்பாகவும் வந்தது. வந்த காஸ் எல்லாம் முதல் சில துளைகளிலேயே வெளியேறிவிட்டது. இன்னொரு முகத்தில் 1 மி.மீ. துளைகளை 20 மி.மீ. இடைவெளியில் போட்டு, பழையவற்றை அலுமினிய டேப்பால் அடைத்தேன். குழாய்க்குள் பாத்திரம் விளக்கும் சில்வர் ஸ்க்ரப்பரைப் பிய்த்து நீளவாக்கில் திணித்தேன். காஸ் அதில் பட்டுச் சிதறி, வேகம் அடங்கி, எல்லாத் துளையாலும் ஒரே மாதிரி வந்தது. நிமிடத்துக்கு 4 லீற்றர் போதும். அதற்கு மேல் கூட்டினால் காற்றையும் சேர்த்துச் சுழற்றி இழுக்கிறது.

இன்னொரு சிக்கல், டார்ச்சுக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே ரெகுலேட்டரிலிருந்து கிளை இணைப்பு எடுத்தது. பின்பக்க வால்வைத் திறந்ததும் டார்ச்சின் அளவு இறங்கியது, மூடினால் ஏறியது. கண்ணாடிக் குழாய்க்குள் உருண்டை மிதக்கும் வகை அளவி ஒன்றை இன்னும் வாங்கி, இரண்டு கிளைக்கும் தனித்தனியாகப் பூட்டிய பிறகுதான் நம்பி வேலை செய்ய முடிந்தது.

முழு ஒட்டுக்கு முன் விளிம்புகளைப் பிடித்து வைக்கும் சின்னப் பொட்டு ஒட்டுதான் டேக். அதை அடிக்கும் இடைவெளியை இரும்புக்கு வைக்கிற கணக்கில் வைக்க முடியாது. ஸ்டெயின்லெஸ் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிகிறது. சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்கு. சூடு பட்ட இடத்திலேயே தேங்கி அங்கேயே வீங்குகிறது. 60 மி.மீ. இடைவெளியில் டேக் அடித்த துண்டில் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. 25 மி.மீ.க்கு இறங்கினேன். ஒழுங்கு: இரு முனை, பிறகு நடு, பிறகு பாதியின் பாதி, இப்படியே. ஒவ்வொரு டேக்கும் பின்பக்க ஆர்கனோடுதான் அடிக்க வேண்டும். டேக்கின் பின்புறம் கருகினால் மேலே எவ்வளவு அழகாக ஒட்டினாலும் அந்தக் கருக்கு உள்ளே நிற்கும்.

600 நீளத்தை 75 மி.மீ. பங்குகளாகக் குறித்து, ஒவ்வொரு பங்கையும் ஏற்கெனவே ஒட்டிய பக்கத்தை நோக்கித் திருப்பி ஒட்டினேன். ஒரு பங்கு முடிந்ததும் கை வைக்கக்கூடிய சூட்டுக்கு இறங்கும்வரை காத்திருந்தேன். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான், ஆனால் உருளை கோணாமல் வந்தது. மாலை 6.30க்குப் பிறகு இந்தப் பக்கம் வோல்டேஜ் இறங்கும், ஆர்க் திணறும். முக்கியமான ஒட்டுகளை எல்லாம் பகலிலேயே முடித்தேன்.

முடித்துத் திருப்பிப் பார்த்தபோது பின்பக்கம் ஒன்றரை மில்லிமீற்றர் அகலத்தில் ஒரே சீராக, வெள்ளிக்கும் வைக்கோலுக்கும் நடுவான நிறத்தில் கோடு ஓடியிருந்தது. விரலை வைத்து இழுத்தால் எங்கும் தடக்கவில்லை. பொடியனும் விரலை வைத்து இழுத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு நான் சொல்லாமலே அந்தச் சிவப்பு நூல் பிரஷ்ஷைத் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கினான்.

அடித்தட்டும் குழாயும்

அடித்தட்டில் புகைக்குழாய்க்கான துளையை 100இல் வெட்டி, அரத்தால் அராவி, குழாய் தட்டி இறக்கும் அளவுக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர்ப் பக்கமும் நெருப்புப் பக்கமும் கைக்கு எட்டுவதால் இரண்டு பக்கமும் ஒட்டினேன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மறுபக்கம் மயிரிழை இடுக்கு நிற்கும். ஸ்டெயின்லெஸ் அரிப்புக்கு அப்படிப்பட்ட இடுக்குத்தான் பிடித்த இடம்.

தட்டையான வட்டத் தகட்டைச் சுற்றி ஒட்டினால் அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டக்கென அடித்துக்கொண்டே இருக்கும். ஒட்டுவதற்கு முன்பே மணல் மூட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியலால் நடுவை 6 மி.மீ. அளவுக்குக் குழித்துவிட்டேன். வளைவு ஒரு பக்கமாக ஏற்கெனவே இருந்தால் ஒட்டின் இழுப்பும் அதே பக்கமே போகும்.

தண்ணீர் வரத்து, வடிகால் சொக்கட்டுகளை (குழாய் பூட்டும் புரியிட்ட வாய்கள்) உடல் திறந்திருக்கும்போதே கீழே ஒட்டினேன். முக்கால் அங்குல சொக்கட் தடித்தது, தகடு மெல்லியது. ஆர்க்கைச் சொக்கட்டின் மேல் வைத்து உருகிய உலோகக் குட்டையை அங்கே உருவாக்கி, தகட்டை நோக்கி மெல்ல வழியவிட வேண்டும். தகட்டில் தொடங்கினால் துளை விழும்.

மேல் மூடி

இனி உள்ளே கை போகாது. தேய்க்கவோ திருத்தவோ வழியில்லை. மூடியும் உடலும் சேரும் ஒட்டு, மூடியும் புகைக்குழாயும் சேரும் ஒட்டு இரண்டுக்கும் தொட்டி முழுவதையும் ஆர்கனால் நிரப்ப வேண்டும்.

காஸ் பாரமானது என்பதால் அடிச் சொக்கட்டால் உள்ளே விட்டு, மேல் மூடியின் சொக்கட்டால் காற்றை வெளியேற்றினேன். மற்ற எல்லாத் துளைகளும், ஒட்டப்போகும் விளிம்பு முழுவதும் அலுமினிய டேப்பால் மூடியிருந்தன. தொட்டியின் கொள்ளளவைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 350 லீற்றர் என்று கணக்கு வைத்து, நிமிடத்துக்கு 10 லீற்றராக 35 நிமிடம் விட்டேன். மேல் சொக்கட்டில் பொடியன் தீக்குச்சியைப் பிடித்தான். "அண்ணே, அணைஞ்சிருச்சு, ஆரம்பிக்கலாம்" என்றான். தீக்குச்சியை நம்பவே முடியாது. காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம். அது 16 சதவீதத்துக்கு இறங்கினாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். நமக்கோ ஒரு சதவீதமே அதிகம். ஒட்சிசன் அளவி என்னிடம் இல்லை. முதல் டேக் அடித்து, குழாய்க் கமராவை மேல் சொக்கட்டால் விட்டு அதன் பின்புறத்தைப் பார்த்தேன். நீலம். காஸை இன்னும் 15 நிமிடம் ஓடவிட்டு அடுத்த டேக். வெளிர் வைக்கோல். அங்கிருந்து தொடங்கினேன்.

டேப்பை 50 மி.மீ. அளவுக்கு மட்டும் உரித்து, அந்தத் துண்டை ஒட்டி, ஆறவிட்டு, அடுத்த 50. ஒட்டும்போது உள்ளே நிமிடத்துக்கு 4 லீற்றர். கடைசித் துண்டை மூடும்போது காஸை 2க்கு இறக்கி, மேல் சொக்கட்டை முழுதாகத் திறந்து வைத்தேன். வெளியேற வழி போதாவிட்டால் உள்ளிருக்கும் அழுத்தம் உருகிய குட்டையை வெளியே ஊதித் தள்ளும்.

ஒவ்வொரு ஒட்டின் முடிவிலும் ஆம்பியரை உடனே வெட்டாமல், படிப்படியாக இறங்கும்படி மெஷினில் 3 செக்கன் வைத்தேன். ஒரேயடியாக வெட்டினால் குழியின் நடுவில் சின்னதாக வெடிப்பு விழும், ஊசித் துளையும் வரும்.

கசிவு பார்த்தல்

கொம்பிரசர் காற்றை ஏற்றிச் சவர்க்காரம் தடவிப் பார்ப்பது பல பட்டறைகளில் வழக்கம். தட்டையான மூடியுள்ள தொட்டியில் அது ஆபத்து. 400 மி.மீ. வட்டத்தில் ஒரே ஒரு பார் அழுத்தம் என்றாலும் மூடியின் மேல் 1280 கிலோ பாரம் நிற்கிறது. நான் செய்தது: மேல் சொக்கட்டில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பூட்டி, யூ வடிவில் வளைத்து, பாதியளவு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் மெல்ல அடித்தேன். இரு பக்க நீர்மட்டமும் ஒரு மீற்றர் விலகினால் 0.1 பார். அதற்கு மேல் போனால் தண்ணீரே குழாயால் வெளியே கொட்டிவிடும், தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. சவர்க்கார நுரையில் ஓர் இடத்தில் மட்டும் சின்னக் குமிழி கிளம்பியது. மூடி ஒட்டு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேருமிடம் அது. அரைத்தெடுத்து, மறுபடி ஆர்கன் நிரப்பி ஒட்டினேன். அந்த ஒரு குமிழிக்கு மறுபடி 350 லீற்றர் போனது.

கழுவுதல்

ஒட்டின் நிறத்தை எடுக்க விற்கும் பசையில் நைத்திரிக் அமிலமும் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் இருக்கின்றன. இரண்டாவது தோலைத் தாண்டி எலும்புவரை போகும் விஷம். சரியான கையுறையும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பக்கத்தில் இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது. உள்பக்கம் வைக்கோல் நிறத்துக்கு மேல் போகாததால் எனக்கு அது தேவைப்படவில்லை. வெளிப்பக்கத்தைச் சிவப்பு நூல் பிரஷ்ஷாலும் பச்சை ஸ்க்ரப்பாலும் தேய்த்தேன்.

உள்ளே பேக்கரிச் சாமான் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம், 70 லீற்றருக்கு 2.8 கிலோ, அதாவது 4 சதவீதம். தொட்டி தானே அடுப்பு என்பதால் அடியில் நெருப்பு மூட்டி 60 பாகைக்குக் கொண்டுவந்து அரைமணி வைத்தேன். மேலே ஒட்டியிருக்கும் இரும்புத் தூளை அது கரைத்து எடுக்கும், குரோமியப் படலம் தானே உருவாக வழிவிடும். வடித்த தண்ணீரை அப்பச்சோடா போட்டு நுரை அடங்கும்வரை கலக்கிய பிறகே ஊற்றினேன். பக்கத்துக் கான் தேயிலை மலைக்குள் போகிறது.

பூட்டியது

சுடுதண்ணீர்ப் பக்கத்தில் வால்வே இல்லை. குளிர்ந்த தண்ணீர் வரும் அடிக்குழாயில் மட்டும் வால்வு. அதைத் திறந்தால் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏற, மேலிருந்து சூடானது வழிந்து வரும். தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும், நெருப்புக்கு மேல் வெறும் தட்டு ஒருபோதும் காயாது. வெளிக்குழாய் திறந்தே இருப்பதால் ஆவி அடைபடவும் இடமில்லை; அதற்கும் மேலாக இன்னொரு திறந்த குழாயை உயர்த்தி வைத்திருக்கிறேன். விறகுத் தொட்டியின் சுடுதண்ணீர்க் குழாயில் யாராவது டெப் பூட்டச் சொன்னால் செய்து கொடுக்காதீர்கள். அடைபட்ட ஆவி ஆளைக் கொல்லும். தண்ணீர் விழும் வாய் பிள்ளைகள் எட்டாத வெளிச்சுவரில் இருக்கிறது.

அடுப்புப் பெட்டி 4 மி.மீ. இரும்புத் தகடு. தொட்டி அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஒட்டவில்லை. நகராமல் பிடிக்கும் இரண்டு காதுகள் மட்டும் இரும்பும் ஸ்டெயின்லெஸும் சேருமிடம். அவற்றுக்கு 309 எல் கம்பி பாவித்தேன்.

தேயிலைக் கவ்வாத்து மிளாறால் மூட்டி, காய்ந்த டர்பன்டைன் மர விறகு நாலைந்து கிலோ வைத்தால் முக்கால் மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் தண்ணீர் 80 பாகைக்கு வருகிறது. கொதிக்கவிடத் தேவையில்லை. இந்த உயரத்தில் கொதிப்பதே 96 பாகைக்கு அருகில்தான்.

செலவில் பாதிக்கு மேல் தகடும் குழாயும். 304 முழுத்தகடு எனக்கு 58,000 ரூபாவுக்குக் கிடைத்தது. 2 மி.மீ. அடித்தட்டு வேறொரு தகட்டின் மிச்சத் துண்டில் வந்தது. ஆர்கன் சிலிண்டர் 7 கனமீற்றர் வகை. சோதனைத் துண்டுகள், திருத்திய ஒட்டு எல்லாம் சேர்த்து மானி 150 பாரிலிருந்து 100க்கு இறங்கியிருந்தது, மூன்றில் ஒரு பங்கு. பின்பக்கத்துக்குப் போன காஸ் டார்ச்சுக்குப் போனதைவிட அதிகம். மலிவாகச் செய்து கொடுக்கிறவர்கள் மிச்சம் பிடிப்பது இந்தக் காஸில்தான். வாடிக்கையாளருக்கு விலை சொல்லும்போது இதைத் தனி வரியாக எழுதிக் காட்டுகிறேன். ஏன் என்று கேட்டால் வெட்டித் திறந்த பழைய தொட்டியின் துண்டை எடுத்துக் காட்டுகிறேன்.

அடுத்ததில் மேல் மூடியில் 150 மி.மீ. துளை வைத்து, போல்ட் பூட்டும் தனி மூடி போடப்போகிறேன். கை உள்ளே போகும், கடைசி ஒட்டையும் பிரஷ் போட்டுத் துடைக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை அடியில் சேரும் வண்டலையும் அள்ளலாம். மூடிக்கு 2 மி.மீ. தகடு, 1.5 விளிம்பில் சூட்டுக்கு மிகவும் துள்ளுகிறது. வட்டத் தட்டுகளின் விளிம்பை 12 மி.மீ. மடித்துத் தரும் பட்டறை ஒன்று கண்டியில் இருக்கிறது என்கிறார்கள். மடித்தால் மூலை ஒட்டு நேர் ஒட்டாக மாறும், நெடுக்கு ஒட்டுக்குச் செய்த அதே அலுமினியக் குழாயை வளைத்து வட்டத்துக்கும் பாவிக்கலாம். அப்படி வந்தால் தொட்டி முழுவதையும் நிரப்ப வேண்டியிருக்காது. அந்தப் பட்டறையில் ஒரு தட்டு மடிக்க எவ்வளவு என்று கேட்ட பிறகு தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்கு (பிரிவுக்கு) விலை சொல்வேன்.